பிரஷர் குளிசையும் வெள்ளைக் கலங்களும்



நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்ததும் ஓர் அக்கா கேட்டார்: "பிரஷர் சரியா இருக்குன்னு கிளினிக்ல சொல்லிட்டாங்க. பொறகு எதுக்கு மிஸ் குளிசை?" கிளினிக் நாளில் ஒரு பேர் போய்விடுகிறது, பஸ்ஸுக்கும் காசு வேண்டும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் குளிசையை விட்டபின் பாரிசவாதம் வந்து லயத்துக் காம்பராவிலேயே கிடப்பவர்களையும் நான் பார்க்கிறேன்.

பிரஷரை ஏற்றும் ஓமோன்களில் முக்கியமானது அஞ்சியோடென்சின். உடம்பில் இரத்த ஓட்டம் குறைந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை விடும். அதிலிருந்து தொடங்கி, படிப்படியாக இந்த ஓமோன் உண்டாகும். இது இரத்தக் குழாய்களைச் சுருக்கும். உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைக்கும். பிள்ளைப்பேற்றில் இரத்தம் போனாலும், வயிற்றோட்டத்தில் நீர் வற்றினாலும் நம்மைக் காக்க முன்வருவதும் இதுவே. தேவையில்லாத காலத்திலும் ஓயாமல் வேலை செய்தால்தான் தொல்லை.

குழாயைச் சுருக்குவதோடு இது நிற்பதில்லை. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளைக் கலங்களையும் தட்டி எழுப்புகிறது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 'டி', 'பி' என்னும் வெள்ளைக் கலங்கள் இல்லாத எலிகளுக்கு அஞ்சியோடென்சினைக் கொடுத்தார்கள். மற்ற எலிகளுக்கு ஏறிய அளவு பிரஷர் அவற்றுக்கு ஏறவில்லை. 'டி' கலங்களைச் செலுத்திய பிறகு ஏறியது! கிருமியே இல்லாத குழாய்ச் சுவரிலும் சிறுநீரகத்திலும் இந்தக் கலங்கள் புகுந்து அழற்சியை உண்டாக்குகின்றன. வலியில்லை, காய்ச்சலில்லை, நமக்கு எப்படித் தெரியும்? எலியில் கண்டதெல்லாம் அப்படியே மனிதருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பிரஷர் என்பது வெறும் எண் அல்ல என்பது இதிலிருந்து விளங்குகிறது.

உப்பு அதிகமானால் 'டி' கலங்களில் ஒரு வகை கூடுதலாக உருவாகிறது என்று 2013இல் வந்த ஆய்வுகள் காட்டின. உப்பைக் குறையுங்கள் என்று சொல்வது சுலபம். கறிக்குக் காசில்லாத வீட்டில் ரொட்டிக்கு உப்பும் மிளகாயுமே கறி. கருவாட்டையாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள்.

குளிசைக்கு வருவோம். எனலாபிரில் இந்த ஓமோன் உண்டாவதைக் குறைக்கிறது. லொசார்டான் அது கலங்களில் போய் ஒட்டாதபடி தடுக்கிறது. எண் சரியாக இருப்பது குளிசை வேலை செய்வதால்தான். நிறுத்தினால் ஓமோனின் கை மீண்டும் ஓங்கும். கூடை தூக்கிய முதுகு வலிக்கிறதென்று டைக்ளோபெனக் போன்றவற்றைக் கடையில் வாங்கி இவற்றோடு சேர்த்துப் போடாதீர்கள். பிரஷர் ஏறும், சிறுநீரகமும் கெடும்.

பிள்ளை உண்டாகியிருந்தால், அல்லது அந்த எண்ணம் இருந்தால், உடனே டாக்டரிடமோ மருத்துவமாதுவிடமோ சொல்லுங்கள். இந்த இரண்டு குளிசையும் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது; வேறு குளிசை மாற்றித் தருவார்கள்.