வழிதவறியவன் யார்?

மௌனப்படங்களில் பெண்கள் என்று பேச்செடுத்தாலே, சந்துலால் ஷாவின் ‘குணசுந்தரி’யை (1927) முற்போக்குப் படம் என்று வாய்ப்பாடுபோல் ஒப்பிக்கிறோம். சென்ற வாரம் திருப்பதியில் ஒரு கருத்தரங்கிலும் அதையே கேட்டேன். எனக்கு உடன்பாடில்லை.

கதை தெரிந்ததே. வீட்டுக்கடமையே கதியென்று கிடக்கும் மனைவி (கோஹர்) சலித்துப்போக, கணவன் ஆடலணங்கு ஒருத்தியை நாடுகிறான். மனைவி வாசற்படி தாண்டி, புதுமைப்பெண்ணாக மாறி அவனை மீட்கிறாள். நம் புதுக்கோட்டை ராஜா சாண்டோவும் இதில் நடித்தார். படத்தின் ஆங்கிலத் தலைப்பு, கணவர்கள் ஏன் வழிதவறுகிறார்கள் என்று வினவுகிறது. வினாவின் எழுவாய் கணவர். விடையில் குற்றவாளியோ மனைவி! இந்த இலக்கணத்தை ஒருவரும் கவனிப்பதில்லை.

ஹாலிவுட்டில் செசில் டிமில் 1920இல் எடுத்த ‘ஒய் சேஞ்ச் யுவர் ஒய்ஃப்?’ படத்திலும் மனைவிதான் மாறுகிறாள். ஆயினும் அங்கே மணவிலக்கு நிகழ்கிறது. அதன் பின்னரே இருவரும் மீண்டும் மணக்கிறார்கள். குணசுந்தரிக்கு அந்தக் கதவே இல்லை. இந்துக்களுக்கான மணவிலக்குச் சட்டம் பம்பாய் மாகாணத்தில் 1947இலும், அன்று சித்தூரையும் உள்ளடக்கியிருந்த சென்னை மாகாணத்தில் 1949இலும்தான் வந்தது. வெளியேற வழியற்றவள் தன்னை மாற்றிக்கொள்வதற்குப் பெயர் விடுதலையா?

சட்டத்துக்கு முன் மணவிலக்கே இல்லை என்பதும் அரைகுறை வாதம். பல சாதிகளில் அது வழக்காறாகவே இருந்தது. ‘அறுத்துக் கட்டுதல்’ என்ற சொல்லை மேல்சாதியார் வசையாக்கினர். சித்தூர்க் களப்பணியில் ஒரு மூதாட்டி, “எங்க சனத்துல அறுத்துக் கட்டுவாங்க” என்று தலைநிமிர்ந்து சொன்னார். குணசுந்தரியின் வீட்டில் அச்சொல்லுக்கு இடமில்லை.