பாக்கி கேட்டு நடக்கும் கால்கள்

கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் பேசிப் பாருங்கள். நூலிழை பிசகாமல் கடைந்த உருளையைக் கையில் உருட்டிக் காட்டும்போது அவர் முகத்தில் தெரியும் நிறைவு உண்மையானது. அடுத்த நிமிடமே இழுப்பறையைத் திறந்து, மாதக்கணக்கில் பணம் வராத பில்களை எடுத்துப் போடுவார். தொழில் அவரைச் சோர்வடையச் செய்யவில்லை. பாக்கி கேட்டு நடப்பதுதான் ஆளைத் தின்கிறது.

சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில், மாதாமாதம் கணக்கிடும் கூட்டு வட்டி.

இந்த உரிமையைக் கேட்டுப் பெற, சரக்கு அனுப்பும் முன்பே சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்துவிடுங்கள். கட்டணம் கிடையாது. பதிவு எண்ணைப் பில்லில் அச்சிடுங்கள். டெலிவரி சலானில் தேதியுடன் கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள். பழகிய இடமாயிற்றே என்று விட்ட கையெழுத்துதான் பின்னால் வழக்கையே கவிழ்க்கும்.

புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம் நியாயமானது. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கும் பட்டறைக்கு அந்தப் பயம் இரட்டிப்பு. எனவே தனியொருவராக அல்ல, தொழில்முனைவோர் சங்கங்கள் வழியாகவே இந்தப் பாக்கிகள் கேட்கப்பட வேண்டும். முன்மாதிரியாக, பொதுத்துறை நிறுவனங்கள் இத்தகைய பட்டறைகளுக்குத் தர வேண்டிய நிலுவையை முதலில் தீர்க்கட்டும்.