கிடைத்த இடமும் வாழ்ந்த இடமும்

கொங்கு மண்ணில் கடல் இல்லை, கடற்சங்கு உண்டு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில், 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் சங்கு வளையல்கள் கிடைத்தன. நொய்யலில் சங்கு வாழ்ந்தது என்று அதை வைத்து யாரும் எழுதமாட்டோம். கரையோரத்திலோ அதே பிழையைத் தயங்காமல் செய்கிறோம்.

விசைப்படகு எங்கோ மடிவலை இழுக்கிறது. சங்கு துறைமுகத்தில் இறங்குகிறது. பரவல் பட்டியலில் துறைமுகத்தின் பெயர் ஏறுகிறது. அலை ஒதுக்கிய வெற்று ஓடும், துறவி நண்டு குடியேறிச் சுமந்து வந்த ஓடும், உயிருள்ள சங்கும் வரைபடத்தில் ஒரே புள்ளியாகின்றன. பழைய கட்டுரைகளின் 'சாங்கஸ் பைரம்', இன்றைய 'டர்பினெல்லா பைரம்' இரண்டும் ஒரே பால்சங்குதான். இணைப்பெயர்களைச் சரிபார்க்காமல் தொகுத்தால் ஓர் இனம் இரண்டாகிவிடும்.

இது வெறும் பட்டியல் ஒழுங்கு பற்றிய கவலை அன்று. பால்சங்கின் குஞ்சுகள் முட்டைக்கூட்டிலிருந்து ஊர்ந்தபடியே வெளிவருகின்றன. நீரோட்டத்தில் மிதந்து தொலைவு செல்லும் இளம்பருவம் அவற்றுக்கு இல்லை. ஒரு படுகை அழிந்தால், பக்கத்துப் படுகையிலிருந்து மெல்ல ஊர்ந்து வந்துதான் அது நிரம்ப வேண்டும். மடியில் சிக்கி ஏற்றுமதிக்குப் போகும் 'பாபிலோனியா ஸ்பைரேட்டா' என்னும் சங்கின் இளம்பருவமோ சில காலம் மிதந்து திரியக்கூடியது. இரண்டின் மீட்சியும் ஒன்றல்ல. வெற்று ஓட்டை நம்பி வைத்த ஒரு புள்ளி, பால்சங்கு அற்றுப்போன படுகையை உயிருள்ளதாகக் காட்டிவிடும். அதை நம்பி எடுக்கும் மேலாண்மை முடிவும் பிழைபடும்.

ஒழுங்கான பதிவு என்ன தரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1876இல் தோன்றிய பிரிட்டன், அயர்லாந்து சங்கியல் கழகம் மெல்லுடலிகளின் பதிவுகளைக் கடற்பகுதி வாரியாகத் திரட்டியது. 1982இல் அவை வரைபடத் தொகுப்பாக வெளிவந்தன. பல தலைமுறை ஆர்வலர்களின் உழைப்பு ஒரே ஒழுங்கில் குறிக்கப்பட்டதால்தான் அது இயன்றது.

எனவே, இனி இவ்விதழுக்கு வரும் புதிய பரவல் பதிவுகளில் இவை இருக்க வேண்டும்: உயிருள்ளதா, வெற்று ஓடா, நண்டு குடியிருந்ததா, மடி இழுத்த இடம், ஆழம், நாள், தனிப் பத்தியில் இறங்குதளம், மாதிரி வைக்கப்பட்ட அருங்காட்சியகமும் அதன் பதிவெண்ணும். கடையில் வாங்கிய ஓட்டை வரைபடத்தில் ஏற்றமாட்டோம். தேடியும் கிடைக்காத இடங்களையும் தேடிய முறையோடு எழுதுங்கள். குறைவை அளக்க அந்தக் குறிப்பே அடிப்படை.

கோவை, ஈரோடு, பொள்ளாச்சிக் கல்லூரி விலங்கியல் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். களப்பயணங்களில் சேகரித்த சங்குகள் உங்கள் அலமாரிகளில் இருந்தால், சேகரித்த ஆசிரியர்களிடம் இடத்தையும் ஆண்டையும் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். நினைவில் இல்லாதவற்றில் 'இடம் அறியப்படவில்லை' என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய ஊர்ப்பெயரைவிட அந்தச் சொற்கள் அடுத்து வரும் ஆய்வாளருக்குப் பயன்படும்.