மருந்து கற்போர் தட்டில் என்ன இருக்கிறது?

(பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு)

திருக்குறளின் 95ஆவது அதிகாரத்துக்கு ‘மருந்து’ என்று பெயர். அதன் பத்துக் குறள்களில் பாதிக்கு மேற்பட்டவை மூலிகையைப் பேசவில்லை. உண்ணும் முறையைப் பேசுகின்றன. உணவையே முதல் மருந்தாக வைத்த மொழியைப் பேசும் நாம், மருத்துவம் பயிலும் மாணவரின் உணவு எப்படி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டு. அதன்மேல் ஓராண்டுப் பயிற்சி. ஊட்டச்சத்துப் பாடம் அதில் இல்லாமல் இல்லை. உயிர்வேதியியலில் வைட்டமின்கள் வருகின்றன. சமூக மருத்துவத்தில் சத்துக்குறைவு நோய்கள் வருகின்றன. ஆனால் 2019இல் ‘லான்செட்’ குழும இதழ் ஒன்றில் 24 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கட்டுரை வெளிவந்தது. எந்த நாடானாலும் மருத்துவக் கல்வியில் ஊட்டச்சத்துக்குப் போதிய இடமில்லை என்பதே அதன் முடிவு.

கற்ற அந்தச் சிறிதளவாவது தட்டுக்கு வருகிறதா? அரசுப் பள்ளியில் படித்து, 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டால் மருத்துவம் சேர்ந்த நண்பர் ஒருவரை விடுமுறையில் கேட்டேன். நள்ளிரவு தாண்டிப் படிப்பு, எட்டு மணிக்கு வகுப்பு, விடுதிச் சிற்றுண்டியைத் தொடாமல் ஓட்டம், பதினொரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும், இரவில் பரோட்டா. “தையமின் குறைந்தால் பெரிபெரி வரும் என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டேன். காலையில் சாப்பிட்டாயா என்று எவரும் கேட்கவில்லை” என்று சிரித்தார்.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று கண்டு 1956இல் மதிய உணவைப் பரவலாக்கினார் காமராசர். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. பள்ளிப் பிள்ளைக்குப் பொருந்தும் உண்மை மருத்துவக் கல்லூரி வாசலில் பொய்யாகிவிடுமா?

‘வளர்ந்த பிள்ளைகள், அவர்கள் தின்பது அவர்கள் பாடு’ என்பர் சிலர். அப்படி விட்டுவிட முடியாது. ஏனெனில் நாளை நம் தாய்மார் அவர்கள் முன்தான் போய் அமரப் போகிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. களையெடுப்புக்குப் போகும் என் அம்மாவும் அவர்களில் ஒருவர். மாத்திரையோடு “சத்தானதாகச் சாப்பிடுங்கள்” என்ற ஒரு சொல்லும் கிடைத்தது. ஆப்பிள், மாதுளை என்று பொருள் கொண்ட அம்மா, ‘நமக்கு ஏது?’ என்று விட்டுவிட்டார். கொல்லையில் முருங்கை நிற்கிறது. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு உடலில் ஏறும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆனால் சொல்பவருக்கு ஏழை வீட்டு அடுப்பு தெரிந்திருக்க வேண்டும்!

நம் திட்டக்குடிப் பக்கம் மேட்டு நிலங்களில் கம்பும் வரகும் விளைந்தவை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு; தீட்டிய அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவுதான். ஆயினும் கூழ் குடித்து வளர்ந்த பிள்ளை விடுதியில் அதைச் சொல்ல நாணுகிறான். 1920களில் குன்னூரில் ஆய்வு செய்த மெக்காரிசன், பல வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி உண்டவை செழித்தன. அன்றைய சென்னை மாகாணத்து அரிசியுணவு உண்டவை நலிந்தன. நம் மண்ணில் பிறந்த அந்தப் பாடம் நம் விடுதிகளை எட்டவில்லை.

செய்ய வேண்டியவை பெரிய செலவல்ல. முதல் வகுப்பு, சிற்றுண்டிக்கு நேரம் விட்டுத் தொடங்கட்டும். விடுதியின் உணவுப் பட்டியலை மாணவர்களே ஊட்டச்சத்துப் பாடத்தின் செய்முறையாக வகுக்கட்டும். கிராமத்துக்கு வரும்போது ஒரு வீட்டின் ஒருநாள் சமையலையும் அதன் விலையையும் எழுதிச் செல்லட்டும்.

மருத்துவ மாணவத் தோழர்களே! முதலில் நீங்கள் பசியாற உண்ணுங்கள். உண்ணும்போது எங்கள் அடுப்புகளையும் நினையுங்கள். உங்கள் சொல் அப்போதுதான் எங்கள் தாய்மாரின் தட்டுவரை வந்து சேரும்.