பெயர் பெறாத புட்டிகள்

விஸ்கி ரசிகர்கள் பலர் நாக்கால் அல்ல, விலையால்தான் சுவைக்கிறார்கள் என்பது என் எண்ணம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருமுறை நண்பர்கள் மூன்று புட்டிகளைக் காகிதத்தில் சுற்றி மறைத்து ஊற்றித் தந்தார்கள். மிகச் சிறந்தது என்று நான் சொன்னது மூன்றிலும் மலிவானது.

அது ஸ்காட்லாந்தின் டீன்ஸ்டன், 12 ஆண்டு முதிர்ந்தது. டீத் ஆற்றங்கரையில் 1785-இல் எழுந்த பஞ்சாலை 1960களில் விஸ்கி ஆலையாக மாறியது. 46.3 விழுக்காடு ஆல்கஹால். குளிரவைத்து வடிகட்டுவதில்லை, ஆகவே நீர் சேர்த்தால் சற்றுக் கலங்கக்கூடும், ஆனால் நாவில் தங்கும் எண்ணெய்ப் பதம் இழக்கப்படுவதில்லை. தேனும் மால்ட்டும், பின்னால் மெல்லிய மெழுகு வாசனையும்.

ஸ்காட்ச் எதுவானாலும் ஓக் பீப்பாயில் 3 ஆண்டுகளாவது இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேல் நாம் கொடுப்பதில் வயதுக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு? மலிவானதெல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. தொண்டை எரிச்சல் மட்டுமே மிஞ்சிய புட்டிகளையும் வாங்கியிருக்கிறேன்.

ஐலா தீவின் போர்ட் எலன் ஆலையை எண்ணிப் பாருங்கள். இயங்கிய காலத்தில் அதன் விஸ்கி பெரும்பாலும் கலவைகளுக்குள் பெயரின்றிக் கரைந்தது. 1983-இல் மூடினார்கள். பிறகுதான் உலகம் அதைத் தேடியது; எஞ்சிய புட்டிகள் எட்டாத விலைக்குப் போயின. 2024-இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. எல்லா ஆலைகளுக்கும் அந்த நல்லூழ் வாய்ப்பதில்லை.

அஞ்சலிக் கட்டுரை எழுதுவது நமக்குப் பழகிய வேலை. ஆலை இயங்கும்போதே ஒரு புட்டி வாங்கிவிடலாம்.