கடலோரம் கிடத்தப்பட்ட பிள்ளைகள்



கழுத்தில் கட்டிகள் புடைத்து, புண்ணாகிச் சீழ் வடியும் நோயைக் கண்டமாலை என்று நம் முன்னோர் அழைத்தனர். காசநோய்க் கிருமி நுரையீரலையன்றி நிணநீர்ச் சுரப்பிகளைப் பற்றுவதால் பெரும்பாலும் விளைவது இது. அக்கிருமி எலும்பைப் பற்றினால் முதுகு கூனும். இடுப்பு மூட்டு அரிக்கப்படும். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களின் இருண்ட சந்துகளில் வாழ்ந்த ஏழைப் பிள்ளைகள் பலர் இவ்வாறே முடமாயினர்.

கடற்காற்றும் உப்புநீரும் இந்நோயைத் தணிக்கும் என்று மருத்துவர்கள் நம்பினர். ஜான் கோக்லி லெட்சம் என்னும் மருத்துவர் 1791-இல் முன்னின்று எடுத்த முயற்சியால், இங்கிலாந்தின் மார்கேட் நகரில் இலண்டன் ஏழைகளுக்கென ஒரு மருத்துவமனை உருவாகி, 1796-இல் நோயாளரை ஏற்கத் தொடங்கிற்று. இத்தாலியில் ஜுசெப்பே பரெல்லாய் என்ற மருத்துவர் 1856-இல் ஏழைப் பிள்ளைகளை வியாரெஜியோ கடற்கரைக்கு அனுப்பி வைத்தார்.

பிரான்சின் பெர்க் கிராமத்து வரலாறோ நெஞ்சை உருக்குவது. கணவரையும் பிள்ளைகளையும் இழந்தமையால் 'தன்னந்தனி மரியான்' என்று அழைக்கப்பட்ட ஏழை விதவை ஒருத்தி அங்கு வாழ்ந்தாள். பிறர் பெற்ற நோயாளிப் பிள்ளைகளை அவள் தள்ளுவண்டியில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டு சென்று, புண்களை உப்புநீரால் கழுவி வந்தாள். பெருஷோ என்னும் மருத்துவர் அப்பிள்ளைகள் தேறுவதைக் கண்டார். அதன் பயனாக 1861-இல் அங்கே மரத்தாலான மருத்துவமனை எழுந்தது. 1869-இல் பேரரசி யூஜெனி பெரிய மருத்துவமனையைத் திறந்து வைத்தார்.

ஆயினும், பிள்ளைகள் பட்ட துயரம் சிறிதன்று. மாவுக்கட்டுக்குள் அசையாது மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் படுத்திருந்தனர். படுத்த நிலையிலேயே வண்டிகளில் கடலோரம் கொண்டு செல்லப்பட்டனர். ஏழைப் பெற்றோரோ ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், பாரிஸில் இருந்தனர்.

கடல்நீர் கிருமியைக் கொன்றதா? இல்லை. 1882-இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். அதைக் கொல்லும் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. அதுவரை, வயிறார உணவும், வெயிலும், ஓய்வும், நெரிசலற்ற இருப்பிடமும் பிள்ளைகளின் உடல் நோயை எதிர்த்து நிற்க ஓரளவு துணை செய்தன. மருந்துகள் வந்தபின் கடற்கரைப் படுக்கைகள் காலியாயின. மார்கேட் மருத்துவமனை 1996-இல் மூடப்பட்டது.

நோய் மட்டும் இன்னும் நம்மை விட்டு அகலவில்லை. பிள்ளையின் கழுத்துக் கட்டியைத் துணியால் மூடி மறைக்கும் பெற்றோர் இன்றும் உளர். பெண்பிள்ளையாயின், "வெளியில் தெரிந்தால் நாளை யார் கேட்டு வருவார்கள்?" என்று அஞ்சுகின்றனர். ஆண்டுக்கணக்கில் கடலோரம் கிடந்தும் அன்றைய பிள்ளைகளுக்கு உறுதியாகக் கிட்டாத குணம், இன்று பெரும்பாலும் ஆறு மாத மாத்திரைகளில் கிடைக்கிறது. நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. கட்டி சுருங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடாமல், மருத்துவர் கூறும் நாள்வரை கொடுத்தல் வேண்டும்.

பிறர் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் சுமந்தாள் அந்த விதவை. நம் பிள்ளையை மருத்துவமனை வாயில்வரை அழைத்துச் செல்ல நாம் தயங்கலாமா?