தலைவலி என்று சொல்கிறாள்

தாராவியில் விடிவதற்கு முன்பே இட்லிக் கொப்பரை அடுப்பில் ஏறிவிடுகிறது. கணவனை இழந்தோ, அவன் விட்டுப்போயோ பிள்ளைகளோடு தனித்து நிற்கும் பெண்ணுக்கு அதை இறக்கிவைத்துவிட்டு அழ நேரம் கிடையாது. அழுகை வேறு வழியாக வருகிறது: தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை. பக்கத்திலுள்ள சயான் மருத்துவமனையில் அவள் சொல்வதும் இவற்றைத்தான். மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னால் தயங்குகிறாள். ஒரு நாள் வியாபாரம் போய்விடும் என்பது பாதிக் காரணம். மீதி, பயம். 'பைத்தியம்' என்று பெயர் வந்துவிட்டால் புகுந்த வீட்டார் பிள்ளையைப் பறித்துக்கொண்டால்?

மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கவே வேண்டியதில்லை. தங்க நேர்ந்தாலும், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தாயின் பக்கமே நிற்கிறது: 3 வயதுக்குட்பட்ட குழந்தையை அவளிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது. அவளால் குழந்தைக்கு ஆபத்து என்றோ, குழந்தையின் நலனுக்கும் பாதுகாப்புக்கும் அது தேவை என்றோ மனநல டாக்டர் கருதினால் மட்டும் பிரிக்கலாம், அதுவும் தற்காலிகமாக. நான்கு வயதுப் பிள்ளையைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. அதைப் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டு அக்காதான் கதி.

சயான் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999இல் தொடங்கிய 'ஸ்னேஹா' அமைப்பு, வன்முறைக்கு ஆளான தாராவிப் பெண்களுக்கு ஆலோசனை தருகிறது. 2022இல் வந்த அரசின் டெலி மானஸ் தொலைபேசி சேவையில் (14416) இலவசமாக, தமிழிலேயே பேசலாம். வியாபாரமும் கெடாது. ஆனால் பத்துக்குப் பத்து அறையில், பிள்ளைகள் காதில் விழாமல் எங்கே நின்று பேசுவாள்?